டாலர் வரும் பாதை

கேள்வி: துபாய் பையர் அனுப்பிய டாலரை, 'பெயரைச் சரிபார்க்கிறோம்' என்று பேங்க்கில் நிறுத்திவிட்டார்கள். பயங்கரவாத அமைப்புகளுக்கு வெளிநாட்டிலிருந்து உதவுகிறவர்கள் மீதான பொருளாதாரத் தடையில் எங்கள் பனியன் கம்பெனிக்கு என்ன வேலை? தடையால் பலன் உண்டா?
— ஒரு வாசகர், சேவூர்

பதில்: துபாயில் கிளம்பும் டாலரும் பெரும்பாலும் அமெரிக்க பேங்க் ஒன்றைத் தொட்டுத்தான் அவிநாசிப் பக்கம் வரும். அங்கே தடைப் பட்டியலோடு பெயரை ஒப்பிடுவார்கள். ஒரே மாதிரி பெயர் இருந்தாலே போதும், பணம் நின்றுவிடும். பையரின் முழுப்பெயர், முகவரி இன்வாய்ஸிலும் எல்.சி.யிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். பாதித் தொல்லை தீரும்.

பலன் உண்டு. துப்பாக்கி ஏந்துகிறவர் காட்டில் இருக்கலாம். அந்தத் துப்பாக்கிக்குப் பணம் கட்டுகிறவருக்கு பேங்க் வேண்டும். விடுதலைப் புலிகளுக்கு நிதி சேர்த்ததாகக் கூறி, தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தின் சொத்துகளை அமெரிக்கா 2007 நவம்பரில் முடக்கியது. சுனாமி நிவாரணத்துக்கும் நிதி திரட்டிய அமைப்பு அது. அகதிகளை நினைத்துக் கொடுத்தவர்களின் பணமும் அதில் இருந்தது.

தடையின் ஆபத்தும் அதுதான்: நல்லெண்ணத்தில் கொடுத்தவரும் மாட்டிக்கொள்வார். பட்டியல் அரசியலாவது இன்னொரு ஆபத்து. பயங்கரவாதத்தோடு தொடர்புடையவை என்று இலங்கை 2014-ல் 16 அமைப்புகளைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. ஆட்சி மாறியதும் 2015-ல் 8 அமைப்புகளை நீக்கியது. 2021-ல் பலவற்றை மீண்டும் சேர்த்தது. ஆட்சிக்கு ஆட்சி மாறுகிற பட்டியலை யார் நம்புவார்கள்? ஆதாரத்தைக் காட்டித் தடை போடுங்கள். பெயர் தவறாகச் சேர்ந்தவர் முறையிட வழி வையுங்கள். அப்போதுதான் அது நீதி.