மொதலாளி ஆகப் போற கண்ணுக்கு

வா கண்ணு, திண்ணையில உக்காரு. நாவல் எழுதி முடிச்சுப்போட்டயாமா. உங்கம்மா சொன்னா. பகலெல்லாம் எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல பையருக்கு மெயில் அனுப்பற மெர்ச்சண்டைசரு, ராத்திரியானா எழுத்தாளரு. நெம்பச் சந்தோசம். நம்ம குடும்பத்துல இதுவரைக்கும் நோட்டுல கணக்குத்தான் எழுதுனாங்க. அதுலயும் பாதி கற்பனை. அந்த ரத்தம் எங்க போகும்?

"பதிப்பாளருகிட்டப் போயி நிக்க மாட்டேன், நானே கிண்டில்ல ஏத்திக்கறேன்"னு சொன்னயாமா. வெவரமான ரோசனைதான். கேடிபின்னு அமேசான்காரன் ஒரு கதவைத் தெறந்து வெச்சிருக்கான். கணக்குத் தொடங்கக் காசில்லை, புஸ்தகம் ஏத்தக் காசில்லை. மின்னூலுக்கு ஐஎஸ்பிஎன் கூடக் கேக்க மாட்டான், அவனே ஒரு நெம்பர் போட்டுக்குவான். இன்னைக்கு ஏத்துனா மூணு நாளைக்குள்ள கடைக்கு வந்துரும். இத்தனை சுளுவா மொதலாளி ஆகற வழி நம்ம திருப்பூர்ல கூடக் கெடையாது.

ஆனா ஒண்ணு கேளு. ஜாப் ஒர்க் வாங்கித் தெச்சுக் குடுக்கற வரைக்கும் துணி அவனுது, லேபிள் அவனுது, வெசனமும் அவனுது. நேரடி எக்ஸ்போர்ட்டுன்னு எறங்கிட்டா நூல் வெலையிலிருந்து பொட்டி மேல ஒட்டற சீட்டு வரைக்கும் உம்பட தலையில. மின்னூலும் அதேதான். பதிப்பாளரை வேண்டாம்னு சொல்லலாம். பதிப்பாளரு பாத்துட்டிருந்த வேலையை வேண்டாம்னு சொல்ல முடியாது. இதைத் தெரியாமத்தான் முக்காவாசிப் பேரு ராத்திரி பன்னண்டு மணிக்கு ஏத்திப்போட்டு, காலையில எந்திரிச்சு "ஏன் விக்கலை"ன்னு போனை உத்துப் பாத்துட்டிருக்கறாங்க.

சொந்தமாப் போடறது நம்ம பக்கத்துக்குப் புதுசில்லை. நாகம்மாள் எழுதுன ஆர். சண்முகசுந்தரம், இப்ப நம்ம திருப்பூர் மாவட்டத்துல இருக்கற கீரனூர்க்காரரு. 1942லயே நம்ம பேச்சை நாவல்ல ஏத்துன மனுசன். அவரும் அவரு தம்பியும் கோயமுத்தூர்ல புதுமலர் நிலையம்னு பதிப்பகம் வெச்சு, வசந்தம்னு பத்திரிகையும் நடத்துனாங்க. அன்னைக்குப் பதிப்பகம்னா காயிதம், அச்சு, பைண்டிங், தபால்னு அத்தனையும் ஆளைத் தின்னும். இன்னைக்கு அதெல்லாம் ஒழிஞ்சுது. ஒழியாதது ஒண்ணே ஒண்ணு, எழுதுனதைச் சரி பாக்கற வேலை. நீங்க அதைத்தான் மொதல்ல தூக்கிப் போடறீங்க.

கம்ப்யூட்டர்ல தமிழ்ப் புஸ்தகத்தை ஏத்துனவங்க பல பேரு காசுக்குத் தொடங்கலை. 1998 பொங்கலுக்கு ஆரம்பிச்ச மதுரைத் திட்டம் பழைய நூல்களைத் தன்னார்வமாத் தட்டச்சு பண்ணிச் சும்மா குடுத்தது. 2013ல ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் குழு வந்து, எழுதறவங்க சம்மதத்தோட கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல இலவச மின்னூல் போட்டது. கிண்டிலுக்குத் தமிழ் வந்தது 2016 டிசம்பர்ல. 2018ல அமேசான் நடத்தற பென் டு பப்ளிஷ் எழுத்துப் போட்டியில தமிழையும் சேத்தாங்க. அதுக்கப்பறம் தெருவுக்கு நாலு எழுத்தாளரு. 2023 செப்டம்பர்ல "ஒரு நாளைக்கு மூணு புஸ்தகத்துக்கு மேல புதுசா ஏத்தாதே"ன்னு அமேசானே வரம்பு கட்டிப்போட்டான். மூணு, கண்ணு! ஒரு நாளைக்கு! அதே மாசத்துல இன்னொண்ணும் சொன்னான்: ஏஐ எழுதுனதா இருந்தாலும், ஏஐ வரைஞ்ச அட்டையா இருந்தாலும் ஏத்தும்போது மறைக்காமச் சொல்லிப்போடோணும். நீ சொல்லாட்டியும் அட்டையில இருக்கற புள்ளையோட ஆறு வெரலு சொல்லிரும்.

சரி, செக்கிங்குக்கு வருவோம். பீஸ்ல ஓட்டை இருந்தா, தையல் விட்டிருந்தா, செக்கிங் பொண்ணுக அந்த எடத்துல சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டும் பாத்திருக்கயல்லோ. தெச்ச டெய்லரே அந்த டேபிள்ல உக்காந்தா ஒரு ஸ்டிக்கரும் ஒட்ட மாட்டான், அவங்கண்ணுக்கு அத்தனையும் ஏ ஒன். எழுதுனவனும் அப்படித்தான். எனக்குக் கண்ணு மங்கிப்போன காலத்துல போன்ல எழுத்தைப் பெருசாக்கிப் படிக்கறேன், மின்னூலுக்கு நான் கும்புடு போடறது அந்த ஒரு காரியத்துக்குத்தான். அப்படி ஒரு புஸ்தகம் படிச்சேன். மொத அத்தியாயத்துல கதாநாயகி கவிதா. நாலாவதுல கவிதாவைக் காணோம், அதே ஊட்டுல அதே புருசனோட காயத்திரி சோறாக்கிட்டிருக்கறா. ரண்டாந்தாரம் போலருக்குதுன்னு கடைசி வரைக்கும் சண்டை வரும்னு காத்திருந்தேன். எழுதுனவன் நடுவுல பேரை மாத்திப்போட்டு மறந்துட்டான், அவ்வளவுதான்.

அதனால உன்னைப் புடிச்சவங்க ஒருத்தரு, உன்னைப் புடிக்காதவங்க ஒருத்தரு, ரண்டு பேருகிட்டயும் படிக்கக் குடு. புடிச்சவங்க முடிச்சுட்டு "அருமை"ன்னு சொல்லுவாங்க, அதை ஒங்கம்மாகிட்டக் காட்டிக்கோ. புடிக்காதவங்க சொல்றதை நோட்டுல எழுதிக்கோ. பிழை திருத்தறதுக்குன்னு தமிழ் படிச்ச ஒரு வாத்தியாரைப் புடிச்சு, அவருக்குக் காசும் குடு. மின்னூலுக்கு நீ செலவு பண்ண வேண்டிய மொதக் காசு அதுதான்.

அடுத்தது எழுத்துரு. நீ போன்ல தட்டுனதால யூனிகோடுலதான் இருக்கும், தப்பிச்சே. ஒங்க மாமன் பத்து வருசத்துக்கு முன்னாடி டிடிபி சென்டர்ல அடிச்ச கவிதைகளையும் சேத்து ஏத்தப் போறேன்னாரே, அது பழைய எழுத்துருவுல இருக்கும். அதை அப்படியே ஏத்துனா தமிழ்ல ஆரம்பிச்சு எந்தப் பாஷையிலயோ போயி முடியும். மாத்திக் குடுக்கற மென்பொருள் இருக்குது, சும்மாவே கெடைக்குது. ஆனா மாத்துனதுக்கப்பறம் வரி வரியாப் பாக்கோணும். "கொ" வர்ற எடத்துல கொம்பு ஒரு பக்கம் நிக்கும், கால் இன்னொரு பக்கம் ஓடும். 2010ல கோயமுத்தூர்ல செம்மொழி மாநாடு நடந்தபோதே யூனிகோடுதான்னு தமிழ்நாட்டு அரசாங்கம் ஆணை போட்டாச்சு. ஒங்க மாமனுக்கு இன்னும் தபால் வந்து சேரலை.

பக்கத்தை அழகு பண்றேன்னு ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி எழுத்தைத் தள்ளாதே. வேர்டு பைல்ல தலைப்புக்குத் தலைப்பு ஸ்டைல் போடு, பொருளடக்கம் அதுலிருந்து வந்துரும். பக்க நெம்பரு போடாதே. நான் எழுத்தைப் பெருசாக்குனா உம்பட இருநூறு பக்கம் எனக்கு அறுநூறு. "23ஆம் பக்கத்தில் பார்க்க"ன்னு நீ எழுதுனா நான் எங்க போயிப் பாக்கறது? ஏத்தறதுக்கு முன்னாடி கிண்டில் பிரிவியூவர்னு ஒண்ணு இருக்குது, அதுல போட்டு போன்ல எப்படித் தெரியும்னு பாத்துக்கோ.

அட்டைக்கு 1600க்கு 2560 பிக்சல் கேப்பான். நீ அத்தனை பெருசுல சூரியன், கழுகு, சங்கிலி, அழுவற கண்ணு எல்லாம் வெப்பே. கடையில அது கட்டை வெரல் நகத்தளவுக்குத்தான் தெரியும். அந்த நகத்துல தலைப்பைப் படிக்க முடியுதான்னு மட்டும் பாரு. கூகிள்ல தேடி எடுத்த போட்டோவை ஒட்டாதே, அதுக்கு ஒருத்தன் சொந்தக்காரன் இருப்பான். அத்தியாயத்துக்கு அத்தியாயம் சினிமாப் பாட்டு வரியும் வேண்டாம். எழுதுனவரு போயி அறுபது வருசம் ஆகற வரைக்கும் காப்புரிமை உண்டு. உங்காத்தா சொன்ன பழமையை எத்தனை வேணும்னாலும் எழுது, அவ கேஸ் போட மாட்டா.

ஏற்கெனவே எந்தப் பதிப்பகத்துலயாவது அச்சுல வந்த கதைன்னா, மொதல்ல ஒப்பந்தத்தைத் தேடி எடு. எழுத்துல உரிமையை எழுதிக் குடுத்துட்டு எத்தனை வருசம்னு போடாம உட்டிருந்தா, நம்ம காப்புரிமைச் சட்டப்படி அது அஞ்சு வருசம்னுதான் கணக்கு. இந்த ஒரு வரி தெரியாம, தன்னோட கதையைத் தானே ஏத்தப் பயந்துட்டுக் கெடக்கறவங்க இருக்கறாங்க.

இப்பக் காசு. சித்தே நிமிந்து உக்காந்துட்டே பாரு! ராயல்டி ரண்டு வகை, 35 சதவீதம், 70 சதவீதம். நூறு ரூவாப் புஸ்தகத்துக்கு எழுவது ரூவான்னு கை தட்டாதே. இந்தியாவுல விக்கறதுக்கு எழுவது வேணும்னா கேடிபி செலக்ட்டுல சேரோணும், வெலையும் அவன் வரம்புக்குள்ள இருக்கோணும், பைல் எத்தனை எம்பியோ அதுக்குத் தக்கன டெலிவரிச் செலவையும் புடிச்சுக்குவான். ஆளுக்கொரு பக்கம் பேரப்புள்ளைக போட்டோவா வெச்சு வீங்க உட்டா, அந்தப் போட்டோவுக்கும் நீதான் வண்டி வாடகை.

செலக்ட்டுன்னா 90 நாளு. அந்த 90 நாளும் அந்த மின்னூல் வேற எங்கயும் இருக்கக் கூடாது. பிரதிலிபியிலயும் கூடாது, உம்பட முகநூல்லயும் கூடாது, "அண்ணா, பிடிஎஃப் அனுப்புங்க"ன்னு கேக்கற வாட்ஸப் குழுவுலயும் கூடாது. டிக்கை எடுக்காம உட்டா அது தானா அடுத்த 90 நாளைக்கு நீண்டுக்கும். காயிதத்துல அச்சடிச்சு நம்மூர்ப் புத்தகத் திருவிழாவுல விக்கறதுக்குத் தடையில்லை. செலக்ட்டுல இருந்தா 90 நாள்ல அஞ்சு நாளைக்கு இலவசமாவும் குடுக்கலாம். சும்மா குடுக்கற அன்னைக்குத்தான் நம்ம சனத்தோட இலக்கிய ஆர்வம் தெரியும்.

சந்தா கட்டிப் படிக்கற கிண்டில் அன்லிமிடெட்டுல படிச்சாங்கன்னா எத்தனை பக்கம் படிச்சாங்களோ அத்தனைக்குத்தான் காசு. இதை விட நேர்மையான விமர்சகன் தமிழ்ல இதுவரைக்கும் பொறக்கலை. மேடையில "ஒரே மூச்சில் படித்து முடித்தேன்"னு பேசுனவரு பதினோராவது பக்கத்துல தூங்குனது கணக்குல வந்துரும்.

அப்பறம், சனிக்கிழமை சம்பளம்னு நெனச்சுக்காதே. ஜனவரியில வித்த காசு மார்ச்சு கடைசி வாக்குலதான் பேங்குக்கு வரும். கணக்குத் தொடங்கும்போது வரி வெவரம் கேப்பான், பான் நெம்பரை ஒழுங்காக் குடு. குடுக்காட்டி அமெரிக்காவுல விக்கறதுக்கு 30 சதவீதம் புடிச்சுக்குவான். ரண்டு நாட்டு ஒப்பந்தப்படி நம்மளுக்கு 15தான். அங்க இருக்கற ஒங்க சித்தப்பன் மகன் ஒருத்தன் வாங்குனாலும் கணக்கு கணக்குதான்.

புஸ்தகம் வந்த மறுநாளே ஒரு போன் வரும். "சார், உங்களை நேஷனல் லெவல் ஆத்தர் ஆக்கறோம், பேக்கேஜ் இருக்கு"ம்பான். ஐஎஸ்பிஎன் வாங்கித் தர்றேன், சான்றிதழ் தர்றேன், கேடயம் தர்றேன்பான். ஐஎஸ்பிஎன்னை ராஜா ராம்மோகன் ராய் பேர்ல இருக்கற அரசாங்க ஏஜென்சியே சும்மா குடுக்குது. சும்மா ஏத்தற எடத்துல ஏத்தித் தர்றதுக்குக் காசு கேக்கறவன் உம்பட எழுத்தைப் படிக்கலை, உம்பட ஆசையைப் படிச்சிருக்கறான்.

ஒறம்பரையை எல்லாம் கூப்புட்டு அஞ்சு ஸ்டாரு போடச் சொல்லவும் கூடாது. குடும்பத்து ஆளுக விமர்சனம் போடறதை அமேசான் ஒத்துக்க மாட்டான், கண்டுபுடிச்சா எடுத்துப்போடுவான். அதுவுமில்லாம, கிண்டிலுங்கறது போன்லயே படிக்கற ஆப்புன்னு ஒங்க பெரியப்பனுக்குப் புரிய வெக்கறதுக்குள்ள நீ ரண்டாவது நாவலே எழுதிரலாம்.

அதுக்குப் பதிலா அறிமுகத்தை ஒழுங்கா எழுது. "வாழ்வின் வலிகளைப் பேசும் உன்னதப் படைப்பு"ன்னு எழுதுனா ஆரு வாங்குவா? நொய்யல்ல சாயம் ஓடுன கதையைச் சுப்ரபாரதிமணியன் எழுதுனாரு, சாயத்திரைன்னு பேரு வெச்சாரு. பேரைக் கேட்டாலே எந்த ஊரு, என்ன பாடுன்னு தெரியுதல்லோ. உம்பட கதை எங்க நடக்குது, ஆருக்கு என்ன ஆகுது, அதை நாலு வரியில சொல்லு. தேடறதுக்கு ஏழு குறிச்சொல் போட எடம் குடுப்பான். பனியன் கம்பெனி, திருப்பூர், கொங்கு வழக்குன்னு போடு. "சிறந்த நாவல்"னு நீயே போட்டுக்காதே.

மின்னூல்ல ஒரு வசதி, தப்பு இருந்தா திருத்தி மறுபடி ஏத்திக்கலாம். ஆனா மொத வாரம் வாங்குனவன் மறுபடி வாங்க மாட்டான். அதனால இந்த மாசம் ஏத்தாதே. அமேசான்ல எடம் தீந்துபோறதில்லை. ரண்டு பேரு படிக்கட்டும், வாத்தியாரு திருத்தட்டும், அட்டையைப் போன்ல பாத்துக்கோ, அப்பறம் ஏத்து. எனக்குச் சும்மா லிங்க் அனுப்பாதே கண்ணு. காசு குடுத்தே வாங்கிக்கறேன். காசு குடுத்தவனுக்குத்தான் திட்டறதுக்கு உரிமை.