கம்பெனிக்குப் போனவர்கள்

ஒசூருக்குப் பக்கத்தில் எங்கள் பாகலூரில் எண்பதுகளில் ஒரு பையனைப் பற்றி "கம்பெனிக்குப் போறான்" என்று சொல்லிவிட்டால் போதும். அவனுடைய சம்பளம், குணம், கல்யாணப் பேச்சில் அவனுக்குள்ள மதிப்பு, மாதம் பிறந்தால் அவன் வீட்டு மளிகைக் கடன் தீர்ந்துவிடும் என்ற உறுதி எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். அங்கே செய்வது லாரியா, மொபெட்டா, கைக்கடிகாரமா என்பதைப் பிறகு சாவகாசமாக விசாரித்துக்கொள்ளலாம். பதிவு பெற்ற அமைப்புக்குத்தான் கம்பெனி என்று பெயர், அது நடத்தும் தொழிற்கூடம் ஃபேக்டரி, அதற்குள் இயந்திரங்கள் நிற்கும் ஏற்பாடு பிளான்ட் என்று எங்கள் ஆங்கில வாத்தியார் பலகையில் கோடு போட்டுப் பிரித்துக் காட்டினார். நாங்கள் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, மதில் சுவரும் பெரிய கேட்டும் நேரத்துக்கு ஊதும் சங்கும் உள்ள எதையும் கம்பெனி என்றே சொல்லிக்கொண்டிருந்தோம்.

எங்கள் ஊரில் ஒரே வீதிக்குள் நாலு பாஷை. தெலுங்கு பேசும் வீட்டில் கம்பெனிகி, கன்னட வீட்டில் கம்பனிகெ, தமிழ் வீட்டில் கம்பெனிக்கு, உருது பேசும் வீட்டில் கம்பெனி கு. மாலூர் சாலையில் கொஞ்ச தூரம் வடக்கே போனால் கர்நாடகம். அங்கேயும் அதே சொல்தான். எல்லைக்கோட்டைப் பற்றி நாலு வீட்டுக்கும் நாலு கருத்து இருந்த காலத்திலும் இந்தச் சொல்லின் மேல் யாருக்கும் சண்டை இருந்ததில்லை.

தாத்தா தலைமுறைக்கு அது கும்பினி. பாழடைந்த கிணற்றையோ பழைய கல்தூணையோ காட்டி "கும்பினி காலத்துது" என்பார்கள். 1600-ல் லண்டனில் அரசியின் சாசனம் வாங்கிக்கொண்டு மிளகு வாங்கக் கிளம்பிய வியாபாரிகளின் அந்தக் கூட்டம், 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகாலை எடுத்துக்கொண்டது. ஒசூரும் பாகலூரும் இருக்கிற எங்கள் மேட்டுநிலம் மட்டும் 1799-ல் திப்பு விழும்வரை மைசூரோடு இருந்துவிட்டு, அதற்குப் பிறகுதான் சேலம் ஜில்லாவுக்குப் போனது. வரி கேட்பவன், படை நடத்துபவன், நிலத்தை அளப்பவன் எல்லாம் கும்பினிதான். 1874-ல் அது லண்டனில் கலைக்கப்பட்ட பிறகும் கிழவர்களின் வாயில் நூறு வருஷம் உயிரோடு இருந்தது.

அதே கிழவர்கள்தான், குரல் மாறி, முகம் மலர்ந்து, நாடகக் கம்பெனியைப் பற்றியும் சொன்னார்கள். ஊர்விட்டு ஊர் போகும் பாய்ஸ் கம்பெனிகள், கொட்டகை, ஹார்மோனியம், ராஜபார்ட். பிறகு சினிமா கம்பெனி. 1965-ல் தருமபுரி தனி மாவட்டமாகப் பிரியும்வரை நாங்கள் சேலத்துக்காரர்கள் என்பதால், சேலத்தில் 1935-ல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸை எங்கள் ஜில்லா சினிமா கம்பெனி என்று உரிமையோடு பேசியவர்கள் உண்டு. பயமும் ஆசையும் கலந்து அப்படி ஊறிப்போயிருந்த சொல், எழுபதுகளில் ஒசூரில் சிப்காட் நிலம் எடுக்க ஆரம்பித்தபோது மறுபடியும் வந்தது. கொள்ளும் கேழ்வரகும் விளைந்த மானாவாரி நிலம். பின்தங்கிய மாவட்டம் என்பதற்கான சலுகைகள் ஒரு பக்கம், பெங்களூர் ஒரு மணி நேரத் தூரத்தில் இருப்பது இன்னொரு பக்கம். 1980-ல் அசோக் லேலண்ட் வந்தது, அதே வருஷம் டிவிஎஸ்-50 வெளிவந்தது, டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன் சில வருஷங்களில் ஒசூரில் கடிகாரம் செய்தது. ஆலை என்றால் எங்களுக்குக் கரும்பு, மில் என்றால் கோயம்புத்தூர், தொழிற்சாலை என்றால் பாடப்புத்தகம். ஒசூரில் முளைத்தவை எல்லாம் கம்பெனி. தகரக் கொட்டகையில் ஒரே ஒரு லேத்தை வைத்துக்கொண்டு, தானே முதலாளியும் தானே டர்னருமாக இருந்தவரும் "நம்ம கம்பெனிக்கு வாங்க" என்றுதான் கூப்பிட்டார். அதைச் சொல்லும்போது அவர் முதுகு நிமிர்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஐடிஐ முடித்து நானும் கம்பெனிக்குப் போனேன். இப்போது நினைத்தால் வேலையைவிட அதைச் சுற்றியிருந்த சின்னச் சின்ன விஷயங்கள்தான் முன்னால் வந்து நிற்கின்றன. விடியற்காலைப் பனியில் மங்கிய முகப்பு விளக்கோடு வரும் கம்பெனி பஸ், அதில் ஜன்னலோரம் யாருக்கு என்று எழுதாத சட்டம், முதல் ஷிஃப்டுக்குப் போகிறவர்களின் தலையிலிருந்து வரும் தேங்காயெண்ணெய் மணம். ஒவ்வொரு மாதமும் கொடுக்கும் சோப்பும் துண்டும். புது வருஷத்துக்கு வரும் கம்பெனி டைரி, அதில் அம்மா எழுதிய பால் கணக்கு. ஆயுதபூஜையன்று மட்டும் குடும்பத்தோடு உள்ளே விடுவார்கள் என்பதால், பட்டுப்புடவை கட்டிய அம்மா நான் வேலை செய்யும் மிஷினுக்கு வைத்த குங்குமம். "இதுகிட்ட கையை ஜாக்கிரதையா வெச்சுக்கடா" என்று மிஷினைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். கடையில் ஒரு ஸ்பேனரை வாங்கினால் "கம்பெனி சாமான்தானே?" என்று கேட்போம், நம்பலாமா என்பதற்கு அது இன்னொரு பெயர். சாயங்காலம் டீக்கடைக்குத் தனியாகப் போகப் பிடிக்காதவன் "கொஞ்சம் கம்பெனி குடுண்ணா" என்பான், டீ குடிக்காதவரும் எழுந்து கூடப் போவார்.

இந்தக் கடைசி அர்த்தம்தான் மற்றெல்லா அர்த்தங்களுக்கும் மூத்தது என்பதை வெகுநாள் கழித்துத்தான் படித்தேன். லத்தீனில் அந்தச் சொல்லின் முன்பாதி 'கூட', பின்பாதி 'ரொட்டி'; கூட உட்கார்ந்து ரொட்டி தின்பவர்கள். படித்ததும் எனக்குக் கேன்டீன் ஞாபகம் வந்தது. 250 பேருக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் கேன்டீன் வைக்கச்சொல்லும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது 1948-ன் தொழிற்சாலைச் சட்டம். ஆனால் களி கொண்டுவருகிறவனின் தூக்குச்சட்டியைச் சுற்றி மற்றவர்கள் தட்டை நீட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தெலுங்குக்காரர் அதைச் சங்கட்டி என்பார், கன்னடக்காரர் முத்தெ என்பார், கீரை மசியலைத் தொட்டுக்கொண்டு விழுங்கும்போது இரண்டும் ஒன்றுதான். ஃபோர்மேனும் அதே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

இன்றைக்குப் பாகலூரிலிருந்து வேலைக்குப் போகிற பிள்ளைகளிடம் சொற்கள் ஏராளம். "யூனிட் டூ மாமா", "பிளான்ட்ல இல்ல, வெண்டர்கிட்ட", "அது ஓஇஎம், நாங்க டயர் ஒன்." எல்லை தாண்டிச் சர்ஜாபுரம் பக்கம் கணினி வேலைக்குப் போகும் அண்ணன் மகள் நேர்காணலுக்கு ஒத்திகை பார்த்தபோது கம்பெனி என்று சொல்லாமல் ஆர்கனைசேஷன் என்றாள், வீட்டுக்குள் மட்டும் "பழைய கம்பெனி, புதுக் கம்பெனி" என்கிறாள், அதிலும் பழையது என்பது போன வருஷத்தது. இந்தப் பிரிவுகளில் பொய் எதுவும் இல்லை, வாத்தியார் அன்றைக்கே சொன்னதுதான். பொருள்களை இப்படித் துல்லியமாகப் பிரிக்கத் தெரிந்ததால்தான் எங்கள் பக்கத்துப் பையன்கள் உலகத்துக்கே உதிரிபாகம் செய்கிறார்கள், அதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் ஆட்களைப் பிரிக்கும் சொற்களும் கூடவே வந்துவிட்டன. பர்மனென்ட், டெம்பரரி, ட்ரெயினி, கான்ட்ராக்ட், ஆன்ரோல், ஆஃப்ரோல். ஒரே லைனில் தோளோடு தோள் நின்று ஒரே போல்ட்டை முறுக்கும் இருவரில் ஒருவன் கம்பெனி ஆள், மற்றவன் ஏஜென்சி ஆள். ஒப்பந்தத் தொழிலாளரை முறைப்படுத்தவும் சில வேலைகளில் அந்த முறையையே ஒழிக்கவும் 1970-ல் சட்டம் வந்தது. அதிலும் கேன்டீனுக்கு ஒரு பிரிவு இருந்தது. ஒழிப்பு என்ற சொல் அந்தச் சட்டத்தின் பெயரிலேயே இருந்தது. ஐம்பது வருஷத்துக்குப் பிறகும் எங்கள் பஸ் ஸ்டாண்டில் பையன்கள் கழுத்துப்பட்டையின் நிறத்தை வைத்து ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். பெண் பார்க்கப் போகும் இடத்தில் எந்தக் கம்பெனி என்பது இப்போது இரண்டாவது கேள்வி. ரோல் எது என்பதுதான் முதலாவது. பெண்ணைப் பெற்றவர்கள் கேட்பதில் தப்பில்லை, கேட்க வேண்டிய நிலைமை வந்ததுதான் எனக்கு ஆறவில்லை.

சொல் மட்டும் அசரவில்லை. பசுமைக்குடிலில் ரோஜா கட்டப் போகும் பெண்கள் அதையும் பூக்கம்பெனி என்கிறார்கள். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, முன்பு கேழ்வரகுக் களமாக இருந்த இடத்தில் எழுந்திருக்கும் வரிசை அறைகளில் தங்கியிருக்கும் பிள்ளைகள் இந்தியில் "கம்பெனி ஜா ரஹா ஹூம்" என்கிறார்கள். எங்கள் நாலு பாஷையிலும் ஒட்டிய உருபு கூட அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

அவர்களில் ஒருவனிடம், டீக்கடையில், எந்தக் கம்பெனி என்று கேட்காமல், ராத்திரி யாரோடு சாப்பிடுவாய் என்று கேட்டேன். அரைகுறைத் தமிழில் உற்சாகமாகச் சொன்னான். ஒரு ரூமில் ஆறு பேர், ஆறு பேருக்கும் வேறு வேறு ஏஜென்சி. ஒடிசாக்காரன் ஒருவன் சமைப்பான், மற்றவர்கள் பாத்திரம் கழுவுவார்கள், அரிசிக்கு ஊர்க்காரப் பையன் ஒருவன் கடைக்குப் போவான். ஞாயிற்றுக்கிழமை கோழிக்கு மட்டும் பங்கு போட்டுக்கொள்வார்கள். அந்த வாரம் வேலை இல்லாமல் உட்கார வைக்கப்பட்டவனிடம் பங்கு வாங்குவதில்லையாம்.