தகரத்தியல்: பெக்கான் நானாஸ் வீட்டுப் பட்டறைகளில் ஆணி உறையும் முறைமை குறித்த முன்னாய்வு

கருவிகளை வைப்பதற்காக மனிதன் டின் தேடுகிறான் என்பது இதுகாறும் நிலவிவரும் கொள்கை. இக்கட்டுரை அதை மறுக்கிறது. முதலில் வருவது டின். அதை எறிய மனம் வராதவன்தான் பிறகு ஆணி தேடுகிறான். இதை நிறுவ, ஜொகூரின் பொந்தியான் மாவட்டத்துப் பெக்கான் நானாஸைவிடத் தக்க களம் இல்லை. மலாயில் ஊர்ப்பெயரின் பொருளே அன்னாசிப் பட்டணம். பல பயிர்கள் முகம் சுளிக்கும் புளித்த சதுப்பு மண்ணில் செழிக்கும் பழம் அது. அதை டின்னில் அடைப்பது ஜொகூரின் பழைய தொழில்களுள் ஒன்று. நானாஸ், அன்னாசி இரண்டுமே தென்னமெரிக்கப் பழங்குடிச் சொல்லாய்ப் பிறந்து போர்த்துக்கீசியர் வாய்வழியே வந்தவை. 'அன்னத்தின் ஆசி' என்று பிரித்துப் பொருள் காணத் துடிக்கும் அறிஞர்கள் ஸ்பானருக்கும் வேர்ச்சொல் கண்டு முடிக்கட்டும். நாம் மேலே செல்வோம்.

வரலாறும் நம் பக்கமே. பீட்டர் டியூரண்ட் இங்கிலாந்தில் தகர டின்னுக்குக் காப்புரிமை பெற்றது 1810-இல். எஸ்ரா வார்னர் அமெரிக்காவில் டின் திறப்பானுக்குப் பெற்றதோ 1858-இல். இடைப்பட்ட காலத்தில் பெரும்பாலும் உளியும் சுத்தியலும்தான் துணை. ஆக, சுத்தியல் டின்னோடு கொண்ட முதல் உறவு வெளியிலிருந்து அடித்த உறவு. இன்று அது உள்ளே கிடப்பது, வம்புக்கு வந்தவன் வீட்டோடு மாப்பிள்ளையான கதை.

இனி வகைப்பாடு. ஜாம் போத்தலின் மூடியைத் தட்டுப் பலகையின் அடியில் திருகித் தொங்கவிடுவது முதல் வகை. பூனை ஏறாதவரை நல்லது. பிவிசி பைப்பைச் சாய்வாக அறுத்து, வரிசையாக அறைந்து, பிளையர் செருகுவது இரண்டாவது. செய்து முடித்தவருக்குப் பிளையரைத் தொட நேரமிருப்பதில்லை. பலகையில் சுத்தியலின் உருவத்தைக் கோடிட்டு மாட்டுவது மூன்றாவது. கோடு என்றும் இருக்கும். நான்காவது, 'பலதும்' டின். தலை தேய்ந்த ஸ்குரூ, துணையிழந்த நட்டு, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி, எதிலிருந்து கழன்றது என்று எவரும் சொல்லமுடியாத ரப்பர் வாஷர் ஆகியன இதன் நிலையான குடிகள் (மைலோ டின், பெரியது, அடிப்பகுதி). தொல்லியலார் இதை அடுக்கடுக்காகத் தோண்டிக் காலம் கணிக்க முனைந்தால் ஏமாறுவர். கலவையைக் குலுக்கினால் பெரியவை மேலேறும், சிறியவை இடுக்கு வழியே அடியில் இறங்கும். இயற்பியலாரும் ஒப்பிய உண்மை இது. எனவே ஒவ்வொரு தேடலும் வரலாற்றைத் திருத்தி எழுதுகிறது, தேடப்படும் குட்டி ஸ்குரூ மேலும் ஆழத்துக்குப் போகிறது (பிஸ்கட் டின், மூடி தொலைந்த பிரதி, மேலிருந்து இரண்டாம் படலம், கிரீஸ் படிந்த பாடமே மூலபாடம், மண்ணெண்ணெயில் கழுவிய பதிப்பைக் கொள்ளற்க; பெயிண்ட் டின், கைப்பிடி அறுந்தது, வெளிவிளிம்பு நோக்குக). டின்னைத் திறவாமல் மேலுறையை மட்டும் படித்து உள்ளடக்கம் எழுதும் முறையும் உண்டு; அதற்கு முனைவர் பட்டமே தருகிறார்கள்.

கடையில் எட்டு அறையுள்ள பிளாஸ்டிக் பெட்டி கிடைக்கிறதே என்பது ஒரு தடை. கிடைக்கிறது, ஆனால் உலகம் ஒன்பது வகையாக வருகிறது. ஒன்பதாவது எங்கே போகும்? டின்னுக்கே. துருப்பிடிக்குமே என்பது வலுவான தடை. தகரமென்பது வெள்ளீயம் பூசிய இரும்பு. பூச்சில் கீறல் விழுந்தால், ஈரக்காற்றில் உள்ளிருக்கும் இரும்பு வெறும் இரும்பைவிட விரைவாகவே அரிபடும். கீறுவதற்கென்றே பிறந்த ஆணியை அதில் கொட்டுவது அறிவீனம் என்பர். அப்படியன்று; பழைய டின் ஓட்டையாவதற்குள் வீட்டில் அடுத்த மைலோ காலியாகிவிடும். டின் முந்தியது என்னும் நம் கொள்கைக்குத் துருவும் சாட்சி.

எஞ்சியது மூடித் தடை. அழுந்தப் பொருந்திய மூடியை நெம்ப ஸ்குரூ டிரைவர் வேண்டும். அது டின்னுக்குள் இருக்கிறது. அதாவது, 1858-க்கு முந்தைய நிலை. நடைமுறையில் இது சமையற்கட்டுக் கரண்டியின் காம்பால் தீர்க்கப்படுகிறது. பின்னர் அக்கரண்டியும் டின்னுக்குள் காணப்படுவதால், அதைக் கருவி என்பதா பாத்திரம் என்பதா என்ற வினா தனி நூலாக விரியும்.