சொறியும் எலிக்குச் சொல்லும் பதில்

விழிதியூர் வாசகர்: பாம்புக்கு இரையாக வெள்ளை எலி வளர்க்கிறேன். நாள் முழுக்கச் சொறிந்துகொண்டே இருக்கின்றன. பழக்கமா, நோயா?

பழக்கம் உங்களுடையது, பெட்டியைத் தாமதமாகக் கவனிப்பது! எலிக்கு வந்திருப்பது பெரும்பாலும் உண்ணி. மயோபியா, மயோகாப்டிஸ் என்று இரண்டு வகை முடிக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். தலை, கழுத்து, தோள் பக்கம் முடி கொட்டிப் பொருக்குத் தட்டும். ஒட்டுநாடாவை முடியில் ஒட்டி எடுத்து நுண்ணோக்கியில் பாருங்கள். எட்டுக் காலோடு கையும் களவுமாக மாட்டும்.

நிரவி வாசகர்: எலியின் உண்ணி என் பாம்புக்கும் தொற்றுமா?

தொற்றாது. எலி முடியில் வாழ்கிற உண்ணிக்குச் செதிலில் வேலை இல்லை. பாம்பின் ரத்தம் குடிப்பது ஓஃபியோனிசஸ் என்ற வேறொரு வகை. அது இன்னொரு பாம்பிடமிருந்தோ, அதன் கூண்டிலிருந்தோ வரும். எலியைத் திட்டாதீர்கள், புதிதாக வாங்கிய பாம்பை விசாரியுங்கள்.

திருநள்ளாறு வாசகி: என் தம்பி பாம்பு வளர்க்கிறான். சட்டம் என்ன சொல்கிறது?

நம் ஊர்ப் பாம்பு என்றால் வீட்டில் வைக்கவே கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. வெளிநாட்டு மலைப்பாம்பான பால் பைத்தான் என்றால், 2022 திருத்தத்துக்குப் பிறகு அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எலிக்கு வைத்தியம் பார்க்குமுன் தம்பியின் காகிதத்தைப் பாருங்கள்.

கோட்டுச்சேரி மாணவர்: எலி வளர்க்கிற எனக்கே உடம்பெல்லாம் சிவந்து அரிக்கிறதே?

அப்படியானால் வில்லன் வேறு: ஆர்னித்தோனிசஸ் பகோட்டி, வெப்பமண்டல எலி உண்ணி. ரத்தம் குடிக்க மட்டும் எலி மேல் ஏறும். மற்ற நேரமெல்லாம் சுவர் விரிசலிலும் பெட்டி இடுக்கிலும் பதுங்கும். எலி அகப்படாவிட்டால் மனிதனையும் கடிக்கும். எலிக்கு மட்டும் மருந்து போட்டால், திருடன் பரணில் இருக்க வாசலைப் பூட்டிய கதைதான். அறையையும் சுத்தம் செய்யுங்கள். கூரையில் ஓடும் வீட்டெலி வரும் வழியை அடைத்துவிடுங்கள்.

நெடுங்காடு வாசகர்: வயல் எலியைப் பிடித்துப் போட்டால் செலவு மிச்சம்தானே?

எலி மிச்சம், பாம்பு செலவு! வயல் எலி உண்ணியோடு வரும், எலிக்காய்ச்சல் கிருமியோடும் வரும். முந்தின நாள் துத்தநாக பாஸ்பைடு தின்றிருந்தால் விஷமும் கூடவே வரும்.

காரைக்கால் வாசகர்: மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் ஊசிமருந்து இருக்கிறது. எலிக்கு ஒரு சொட்டு விடலாமா?

கணக்குப் போடுங்கள். மாட்டு மருந்தில் மில்லிக்கு 10 மில்லிகிராம். சுண்டெலியின் எடை சுமார் 25 கிராம். கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்று கொண்டால் அதற்கு வேண்டியது 0.005 மில்லிகிராம். ஒரு சொட்டில் இருப்பதோ சுமார் 0.5 மில்லிகிராம். அதாவது நூறு எலிக்கான மருந்து. கால்நடை மருத்துவர் அளந்து, நீர்க்கச் செய்து கொடுக்கட்டும். பிறந்த குஞ்சுகள் இந்த மருந்தைத் தாங்காது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

அம்பகரத்தூர் வாசகர்: மருந்து போட்டுப் பத்து நாளில் மறுபடியும் சொறிகிறது. மருந்து போலியா?

மருந்து அசல், நீங்கள்தான் பாதியில் எழுந்துவிட்டீர்கள். ஐவர்மெக்டின் உண்ணியைக் கொல்லும். முடியில் ஒட்டிய முட்டையைத் தொடாது. மயோபியா முட்டை பொரிக்க ஏழெட்டு நாள் ஆகும். ஆகவே மருத்துவர் சொல்லும் இடைவெளியில் இரண்டாவது, மூன்றாவது தவணையும் வேண்டும். எல்லா எலிக்கும் ஒரே நாளில், பெட்டியும் புதிதாக. ஒன்றை விட்டால் அத்தனையும் வீண். பாதி வைத்தியம் மருந்தில், மீதி நாட்காட்டியில்.

திருப்பட்டினம் வாசகி: இவ்வளவு நல்ல மருந்தைக் கண்டுபிடித்தவர் யார்?

ஜப்பானின் சதோஷி ஒமுரா. கவானாவில் ஒரு கோல்ஃப் மைதானத்தின் பக்கத்திலிருந்து எடுத்த மண்ணில் அதன் மூலப்பொருளைச் சுரக்கும் நுண்ணுயிர் கிடைத்தது. வில்லியம் கேம்ப்பெல் அதை மருந்தாக்கும் வழியைக் காட்டினார். 2015-இல் இருவருக்கும் நோபல். மற்றவர்கள் பந்தைத் தேடிய இடத்தில் அவர் மண்ணைத் தேடினார்.

நிரவி வாசகர்: மருந்து போட்ட எலியை உறைபெட்டியில் வைத்துவிட்டுப் பாம்புக்குக் கொடுக்கலாமா?

உறைபெட்டி உண்ணியைக் கொல்லும், மருந்தைக் கொல்லாது. மருந்து போட்ட எலிகளை இனப்பெருக்கத்துக்கு ஒதுக்குங்கள். இரைக்கு மருந்து படாத எலி இருக்கட்டும். ஆமைக்கு ஐவர்மெக்டின் உயிர்கொல்லி; ஊர்வன வளர்க்கிற வீட்டில் அந்தப் புட்டி பூட்டுக்குள் இருக்க வேண்டும்.

நெடுங்காடு வாசகி: எறும்புப்பொடி தூவினால் போதாதா?

எலி நாளெல்லாம் தன் உடம்பை நக்கும் பிராணி. தூவியது தோலில் நிற்காது, வயிற்றுக்குப் போகும். அங்கிருந்து பாம்புக்கும் போகும். ஒரு சிட்டிகையில் இரண்டு பலி!

விழிதியூர் வாசகி: டெல்டாவில் வைக்கோலும் உமியும் மலிவு. பெட்டிக்குப் போடலாமா?

போடலாம், உண்ணியைக் கொன்ற பிறகு. வைக்கோல் போர் என்பது வயல் எலியின் சொந்த வீடு. அதன் உண்ணியும் அங்கேதான். இரண்டு நாள் ஆழ் உறைபெட்டியில் வைத்து எடுங்கள், அல்லது அடுப்பின் வெப்பத்தில் நன்றாகச் சூடாக்குங்கள். புது எலி வந்தாலும் இதே எச்சரிக்கை வேண்டும்: ஒரு மாதம் தனி அறை, தனிப் பெட்டி. பழைய எலிகளுக்கு வேலை முடித்த பிறகே புதியவற்றைத் தொடுங்கள்.

திருநள்ளாறு வாசகர்: உண்ணிக்காய்ச்சல் என்கிறார்களே, வெள்ளை எலியால் வருகிறதா?

இல்லை. அது புதரில் இருக்கும் லெப்டோட்ராம்பிடியம் என்ற உண்ணியின் இளம்பருவம் கடித்து வருவது. ஸ்கிரப் டைஃபஸ் என்பார்கள். காய்ச்சலோடு உடம்பில் எங்காவது சிகரெட் சுட்டதுபோலக் கறுப்புப் பொருக்கு இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். டாக்ஸிசைக்ளின் மலிவான மாத்திரை. தாமதம்தான் விலை கூடியது.

காரைக்கால் மாணவி: நாளை பாம்பின் வயிற்றுக்குப் போகிற எலிக்கு இன்று எதற்கு இத்தனை வைத்தியம்?

நாளை வரை அதற்கு உயிர் இருக்கிறது, தோலும் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, பிராணியை வைத்திருப்பவர் அதன் நலத்தைக் காக்க வேண்டும், வீண் வேதனையைத் தடுக்க வேண்டும் என்கிறது. இரைக்கு வளர்த்தால் வேண்டாம் என்று அதில் ஒரு வரியும் இல்லை. பாம்பின் பசி ஒரு நிமிட வேலை. அரிப்பு இரவு பகலாக நடப்பது. முதலாவது இயற்கையின் கணக்கு, இரண்டாவது முழுக்க முழுக்க உங்கள் கணக்கு.