தொட்டது போதும்

என் சம்பந்தியாகப் போகிறவர் என்னை முதன்முதலில் பார்த்தது விடிகாலை 5 மணிக்கு. என் வாயில் வேப்பங்குச்சி, இடுப்பில் துண்டு.

மகளுக்கு வரன் பேசி, பேச்சு பாதியில் நின்றிருந்த நேரம். ஆள் எப்படி என்று பார்க்க, வாட்ஸ்அப்பில் அவர் வைத்திருந்த படத்தைத் தொடப் போனேன். விரல் ஒரு நெல்லளவு விலகி வீடியோ அழைப்பின் மேல் விழுந்தது. செல்போன் கண்ணாடி மூச்சுவிடவில்லை. சரியாகத் தொடவில்லையோ என்று மறுபடியும் அழுத்தினேன். கடத்தூரே தூங்கிக்கொண்டிருக்க, பொம்மிடியில் அவர் மட்டும் விழித்திருந்தார்.

"சொல்லுங்க, எதுனா அவசரமா?"

குச்சியைத் துப்பவும் முடியவில்லை, முழுங்கவும் முடியவில்லை.

இத்தனைக்கும் நான் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவன். அந்த இரும்பு மெஷின் தட்டினால் பதில் சொல்லும். விசை அடிவரை போய் டக்கென்று நிற்கும். வரி முடியப் போகிறது என்றால் முன்கூட்டியே மணி அடிக்கும். விரலுக்கும் காதுக்கும் சேதி வந்துகொண்டே இருந்ததால் விசைப் பக்கம் பார்க்காமலே அடித்தோம்.

விரல் குறியில் போய் விழுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. குறி தூரமாகவும் சிறிதாகவும் இருந்தால் கை போய்ச் சேர நேரமாகும் என்று 1954இல் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். கல்லெறிந்து மாங்காய் அடித்த எந்தப் பையனுக்கும் இது தெரியும். அவருக்குச் சூத்திரம் கிடைத்தது, எங்களுக்கு மாங்காய்.

1995இல் வெளியான ஒரு ஆய்வுதான் எனக்காகவே செய்தது போலிருக்கிறது. அகமட்சு, மெக்கன்சி, இன்னொருவர் சேர்ந்து செய்தது. திரையில் அம்பு குறிமேல் வந்ததும், மவுஸ் பொத்தானிலிருந்து ஒரு சின்னக் கம்பி எழும்பி விரல்நுனியை முட்டும். சத்தம், நிற மாற்றம் இவற்றோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மொத்த நேரத்தில் பெரிய மிச்சமில்லை. ஆனால் குறிக்குள் நுழைந்த பிறகு 'வந்தாச்சா, இல்லையா' என்று தயங்கும் அந்தக் கடைசி நொடித்துணுக்கு, விரலில் முட்டியபோதுதான் அதிகம் குறைந்தது. என் மானம் போனது அந்தத் துணுக்கில்தான்.

பதில் சொல்லும் மெஷினிடமாவது ஒழுங்காக நடந்துகொண்டேனா? 2024 ஏப்ரல் 19, ஓட்டுப் போடப் போனேன். நீலப் பொத்தானை அழுத்தினால் பக்கத்திலேயே சிவப்பு விளக்கு எரியும், பெட்டிக்குள் சீட்டு 7 நொடி தெரியும், பீப் சத்தம் கேட்கும். கண்ணுக்கும் காதுக்கும் தனித்தனியாகச் சாட்சி. நானோ பீப் கேட்கும்வரை, கேட்ட பிறகும், விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே நின்றேன்.

"ஐயா, உழுந்துடுச்சு. விரலை எடுங்க" என்றார் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவர்.

என் அவஸ்தையைப் பார்த்துவிட்டு மகள், "அப்பா, இனிமே தொட்டா தெரியும்" என்று செல்போனில் அதிர்வைப் போட்டுக் கொடுத்தாள். ஒவ்வொரு எழுத்துக்கும் 'திர்' என்கிறது. சுகமாகத்தான் இருக்கிறது. நேற்று சட்டைப்பையில் வெகுநேரம் திர் திர் என்றது. எதுவோ தானாக டைப் ஆகிறது போல என்று அதன் மேல் இரண்டு தட்டுத் தட்டி அடக்கினேன்.

சம்பந்தி மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார்.