ரகசியத்துக்கு ஆயுசு கெட்டி

2025 அக்டோபர் 5, ஞாயிறு இரவு. பிரான்சில் புதிய அமைச்சரவை பிறந்தது. பிரதமர் செபாஸ்தியன் லெகோர்னுவின் பட்டியல் வெளியானதும் செய்தி சேனல்களில் வல்லுநர்கள் வட்டம் கட்டி உட்கார்ந்தார்கள். யாருக்கு என்ன துறை, யாருக்கு ஏன் மனத்தாங்கல் என்று விடிய விடிய அலசினார்கள். விடிந்ததும் லெகோர்னு ராஜினாமா செய்துவிட்டார். அமைச்சரவையின் மொத்த ஆயுள் சுமார் 14 மணி நேரம். திங்கள்கிழமை நாளிதழைப் பிரித்தவர் புது அமைச்சர்களின் பெயரை முழுதாக வாசித்து முடிப்பதற்குள் அத்தனை பேரும் முன்னாள் அமைச்சர்கள். ஏழு வருடம் நிதியமைச்சராக இருந்த புருனோ லெ மேர், இந்த முறை ராணுவ அமைச்சராக வந்து ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போனார். நான்கு நாள் யோசித்து அதிபர் மக்ரோன் அடுத்த பிரதமரை அறிவித்தார். அவர் பெயர் செபாஸ்தியன் லெகோர்னு.

“உனக்கு அங்கே ஓட்டா இருக்கு, இப்படிக் கண் முழிச்சுப் பார்க்கறே?” என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கு இல்லை. புதுச்சேரியில் என் மாமாவுக்கு இருக்கிறது. பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற ‘சொல்தா’ அவர். பிரெஞ்சுக் குடியுரிமை, பிரெஞ்சு ஓட்டு, பிரெஞ்சு பென்ஷன் மூன்றும் உண்டு. பிரெஞ்சு அரசியல் பைத்தியம் எனக்கு அவரிடமிருந்துதான் தொற்றியது.

மாமா காலத்து பிரான்சில் ஆட்சிகள் வருடக்கணக்கில் நின்றன. ரகசியங்கள் அதைவிட அதிகமாக நின்றன. பின்னாளில் அதிபரான மித்தெரானுக்கு 1974இல் மணவாழ்க்கைக்கு வெளியே ஒரு மகள் பிறந்தாள். பாரிஸ் பத்திரிகை அலுவலகங்களில் பலருக்கும் தெரியும். ஏறக்குறைய ஒருவரும் எழுதவில்லை. 1994 நவம்பரில் ‘பாரி மாட்ச்’ படம் போட்டபோது அந்தக் குழந்தைக்கு ஓட்டுப் போடும் வயது தாண்டியிருந்தது. உடல்நலத்தை ஒளிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்து 1981இல் பதவிக்கு வந்தவர் அவர். அதே ஆண்டு புற்றுநோய் தெரியவந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ‘அதிபர் நலம்’ என்று அறிக்கை மட்டும் தவறாமல் வந்தது. 1996இல் அவர் இறந்த சில நாட்களில் அவருடைய டாக்டரின் புத்தகம் வெளியாகி உண்மையை உடைத்தது. நீதிமன்றம் உடனே தடை போட்டது. பெஸான்ஸோன் ஊரில் இன்டர்நெட் கஃபே வைத்திருந்தவர் புத்தகத்தை அப்படியே இணையத்தில் ஏற்றிவிட்டார். ரகசியங்களுக்கு ஏழரை பிடித்தது அன்றைக்குத்தான்.

எல்லாப் பத்திரிகையும் வாய் மூடி இருந்தது என்று சொன்னால் ‘லெ கனார் ஆன்ஷெனே’ கோபித்துக்கொள்ளும். 1915இல் பிறந்த நையாண்டி வார இதழ். எட்டுப் பக்கம், ஒரு விளம்பரம் கிடையாது. வருவது புதன்கிழமை; பிரெஞ்சு அமைச்சரவை வழக்கமாகக் கூடுவதும் புதன்கிழமை. சக அமைச்சர் தன்னைப் பற்றி என்ன சொன்னார் என்பதை அமைச்சர்கள் காசு கொடுத்து வாங்கிப் படித்துவிட்டுக் கூட்டத்துக்குப் போகலாம். இவர்களுக்கு யார்தான் துப்புக் கொடுக்கிறார்கள் என்ற தவிப்பில் 1973 டிசம்பரில் உளவுத்துறை ஆட்கள் பிளம்பர் வேஷத்தில் பத்திரிகையின் புது அலுவலகத்துக்குள் நுழைந்து, ஒட்டுக்கேட்கும் கருவி பொருத்தினார்கள். ராத்திரியில் விளக்கு எரிகிறதே என்று எட்டிப் பார்த்த பத்திரிகையின் கார்ட்டூனிஸ்ட்டிடம் மாட்டிக்கொண்டார்கள். ராத்திரி நேரத்தில் தானாக வந்து வேலை செய்யும் பிளம்பரை எந்த நாட்டில்தான் நம்புவார்கள்?

தேர்தல் நாளிலும் ஒரு ரகசியம் உண்டு. கடைசி வாக்குச்சாவடி மூடும் இரவு 8 மணி வரை முடிவுக் கணிப்பை வெளியிடக் கூடாது என்பது சட்டம். மீறினால் 75,000 யூரோ அபராதம். ஆனால் பெல்ஜியமும் சுவிட்சர்லாந்தும் பக்கத்து வீடுகள். அங்குள்ள ஊடகங்கள் சாயங்காலமே சொல்லிவிடும். 2012 அதிபர் தேர்தலில் ட்விட்டர்வாசிகள் இரண்டாம் உலகப்போர்க் காலத்து லண்டன் வானொலிச் சங்கேதங்களைத் தூசி தட்டி எடுத்தார்கள். வேட்பாளர் ஹொலாந்தின் பெயருக்காக ஹாலந்து பாலாடைக்கட்டி, எதிர்த்து நின்ற அதிபர் சர்கோஸியின் தந்தை பிறந்த ஹங்கேரிக்காக கூலாஷ் குழம்பு. இன்று கட்டிதான் முந்துகிறது, குழம்பு ஆறிவிட்டது என்று நாடே பேசிக்கொண்டது. 8 மணிக்குத் திரையில் வென்ற ஹொலாந்தின் முகம் தோன்றியபோது தொகுப்பாளர்களுக்கு மட்டும் அதிர்ச்சி. அவர்களுக்கு அதற்குத்தான் சம்பளம்.

அதே ஹொலாந்த் 2014 ஜனவரியில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டரில் நடிகை ஒருவரைப் பார்க்கப் போய்வந்ததை ‘குளோசர்’ இதழ் படத்தோடு போட்டது. அடுத்த சில நாட்களில் அதிபரின் எலிசே மாளிகையில் பத்திரிகையாளர் சந்திப்பு. முதல் கேள்வி கேட்டவர், துக்க வீட்டுக்குப் போனவர் சுற்றி வளைத்து உயிலைப் பற்றி விசாரிப்பதுபோல, வணக்கமும் வாழ்த்தும் சொல்லிவிட்டு மெல்ல விஷயத்துக்கு வந்தார். சொந்த விஷயத்தைச் சொந்தமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, அதிபர் பொருளாதாரத்துக்குத் திரும்பினார். உலகத்தில் அன்று பிரெஞ்சுப் பொருளாதாரத்தைக் கேட்கக் காத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

2025 மே மாதம் ஹனோயில் விமானக் கதவு திறந்தபோது மனைவியின் கை மக்ரோனின் முகத்தைத் தள்ளியது. அந்தப் படமே நிஜம்தானா என்று எலிசே தரப்பு முதலில் சந்தேகம் கிளப்பியது. பிறகு, தம்பதியின் விளையாட்டுச் சீண்டல் என்றது. மித்தெரானுக்கு இருபது வருடம் தாங்கிய திரை, மக்ரோனுக்கு ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

ரகசியங்களோடு சேர்ந்து பிரதமர்களின் ஆயுளும் தேய்ந்துவிட்டது. 34 வயது கப்ரியேல் அத்தால், குடியரசின் மிக இளைய பிரதமராக வந்தார், போனார். இளமை சரிப்படவில்லை என்று 73 வயது பார்னியேவைக் கொண்டுவந்தார்கள். மூன்றே மாதத்தில் நாடாளுமன்றத்தில் விழுந்த 331 ஓட்டு அவரை அனுப்பியது. அடுத்து வந்த பைரூ, சிக்கனம் என்று சொல்லி இரண்டு அரசு விடுமுறைகளை ரத்து செய்யப் பார்த்தார். பிரெஞ்சுக்காரரின் மதத்தில் கை வைத்தாலும் வைக்கலாம், லீவில் வைக்கலாமா? 2025 செப்டம்பரில் அவரும் போனார்.

லெகோர்னு இரண்டாம் முறை வந்த செய்தியைச் சொல்ல மாமாவுக்குப் போன் செய்தேன்.

“ரெண்டு வருஷத்துக்குள்ள எத்தனை பிரதமர் மாறிட்டாங்க பாருங்க மாமா!”

“மாறட்டும்டா. என் பென்ஷன் ஒரு மாசம்கூட நிக்கலை. அப்போ இவங்கள்லாம் என்ன வேலைதான் பார்க்கறாங்க?”

பாரிஸ் வல்லுநர்கள் விடிய விடிய அலசியும் இந்தக் கேள்விக்கு மட்டும் வரவே இல்லை. வந்திருந்தால், அதே கேள்வியை மாமா அடுத்து அவர்களைப் பார்த்துக் கேட்டிருப்பார்.