ஹோலி நெருப்பில் கிருமி சாகுமா?

கேள்வி: ஹோலிக்கு முந்தைய இரவு மூட்டும் நெருப்பைச் சுற்றி வந்தால் உடம்பிலுள்ள கிருமிகள் செத்துவிடுமாமே?

பதில்: கிருமி சாகும் அளவுக்கு உடம்பு சூடேறினால், அதற்கு முன்பே நாம் வெந்துவிடுவோம்! வெளியே அனல் அடித்தாலும், வியர்த்துக் கொட்டியாவது 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே உடம்பு தன்னை வைத்துக்கொள்ளும். புகையோ ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது.

உண்மையான அறிவு, நெருப்புக்கு மறுநாள் ஹோலி விளையாட்டில் ஊற்றிய பழைய சாயத்தில் இருந்தது. ஹோலி வரும் பால்குன மாதத்தில் வட இந்தியக் காடுகளில் பூக்கும் புரச மலரை ஊறவைத்து, அந்த ஆரஞ்சு நிறத் தண்ணீரை ஊற்றி விளையாடினார்கள். இன்றைய மலிவுப் பொடிகள் சிலவற்றில் தொழிற்சாலைச் சாயம். தோல் தடிக்கும், கண் எரியும். விளையாடும் முன் தோலில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவையுங்கள். கண்ணில் பட்டால் தேய்க்காமல் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். சாயம் சீக்கிரம் போகட்டும், உறவு ஒட்டிக்கொள்ளட்டும்!